தன்னம்பிக்கை ஆறாயிரம்

மனித குலத்தின் சரித்திரத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: 'ஜொலிப்பு இன்டர்நேஷனல் அழகுக்கலை அகாடமி' தொடங்குவதற்கு முன், தொடங்கியதற்குப் பின். முன் காலத்தில் பெண்கள் புருவத்தை அது வளர்ந்தபடியே வைத்துக்கொண்டு அல்லாடினார்கள். பின் காலத்தில் புருவத்துக்கு டிப்ளமா வந்தது.

தி. நகரில், முத்துகிருஷ்ணன் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தக் கல்விக்கூடம். கீழே எவர்சில்வர் மின்னும், மேலே முகங்கள் மின்னும். இரண்டுக்கும் முதலாளி அண்ணாச்சிதான். பெயரில் உள்ள 'இன்டர்நேஷனல்' வெறும் பகட்டு என்று சில பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். கண்ணாடிகள் அத்தனையும் சீனாவில் செய்தவை. வேறென்ன வேண்டும்?

அங்கே நான் 'வருமான விளக்க அதிகாரி'. பதவியின் அருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்புக் கட்டணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். படித்து முடித்த பெண்ணுக்கு வெளியே கிடைக்கும் சம்பளம் மாதம் ஏழாயிரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றோர் மயங்கி விழுந்துவிடுவார்கள். விழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். அதற்காக நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது 'முழுமை வருமானம்'.

போன ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். ஹால் நிரம்பி வழிந்தது. ஆளுக்கொரு கையில் முன்பணம், மறுகையில் நாங்கள் கொடுத்த ரோஸ்மில்க். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பெருமக்களே, சம்பளத்தை மட்டும் பார்ப்பது பழங்காலப் பார்வை. எங்கள் மாணவி பெறுவதைக் கேளுங்கள். ரொக்கம் ஏழாயிரம். நாளெல்லாம் ஏ.சி. காற்று, அது நாலாயிரம். நினைத்தபோதெல்லாம் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பாக்கியம், இரண்டாயிரம். வரக்கூடிய டிப்ஸ் மூவாயிரம். தன்னம்பிக்கை ஆறாயிரம். ஆக மொத்தம் மாதம் இருபத்திரண்டாயிரம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தாள். பெயர் சொர்ணம். மீன் விற்பவள். ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். அங்கிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வந்து சாந்தோமில் கூடை இறக்குகிறாள். பக்கத்தில் மகள் சீதா. கத்தரிக்கோல் என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். அவர்கள் பிளாக்கில் பாதித் தலைகள் அவள் வெட்டியவைதானாம். மகளின் ஆசைக்காகக் காதுக் கம்மலை அடகு வைத்து முன்பணத்தைச் சுருக்குப்பையில் முடிந்து வந்திருந்தாள் சொர்ணம். கம்மல் இருந்த காதில் ஈர்க்குச்சி இருந்தது. இப்படிப்பட்ட கல்வித் தாகத்தைக் கண்டால் என் நெஞ்சு விம்மும்.

"சார், ஒரு டவுட்டு. அந்த ஏ.சி. காத்த வூட்டுக்கு எட்த்துனு வர முடியுமா?"

"அது அனுபவிக்க வேண்டியதம்மா."

"பஸ்ஸுல கண்டக்டராண்ட தன்னம்பிக்கைய குட்த்தா டிக்கெட்டு கிழிப்பானா?"

ஹாலில் சிரிப்பு. நான் கலங்கவில்லை. அனுபவசாலி அல்லவா? உடனே எங்கள் 'வெற்றிச் சாட்சி' லாவண்யாவை மேடைக்கு அழைத்தேன். சென்ற ஆண்டு மாணவி, இப்போது அடையாற்றில் ஒரு பெரிய பார்லரில் வேலை. காலையிலிருந்து மூன்று பேர் சேர்ந்து அவளுக்கு மேக்கப் போட்டிருந்தோம். கல்யாணப் பெண் தோற்றாள்.

"ஏம்மா, அங்க நீ இன்னா பண்ணினுகீறே?" என்று கேட்டாள் சொர்ணம்.

லாவண்யா என்னைப் பார்த்தாள். பிறகு ஈர்க்குச்சியைப் பார்த்தாள்.

"முடி கூட்டுறேன் அக்கா. ஒரு வருசமா. கத்தரிக்கோல தொடவே வுடல. சம்பளம் வந்தா பாதி இந்த ஃபீஸுக்கு வாங்குன லோனுக்கே பூடுது."

"தரைமட்டத்திலிருந்து கற்பது எங்கள் பாடத்திட்டத்தின் சிறப்பு!" என்றேன்.

சொர்ணம் இடுப்பில் கையை ஊன்றினாள். "நைனா, நான் வஞ்சிரத்த ஐஸோட சேத்து எட போட்டாக்கா, வாங்க வர்றவ கூடையக் கவுத்துட்டுப் பூடுவா. நீ மீன் துண்டு ஒண்ணு வெச்சி, மீதி தட்டு பூரா ஐஸக் கொட்டி வெச்சிகீறியே! சரி, உன் கணக்கே இருக்கட்டும். தன்னம்பிக்க மாசம் ஆறாயிரம்னு நீதான சொன்ன? எங்கிட்ட அது கூடை கூடையா கீது. முப்பது மாசத்து தன்னம்பிக்க தர்றேன். ஃபீஸுக்கு சரியாப் பூடும். எட்த்துக்கினு ரசீது குடு."

நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். அட பாவமே, சரியாகத்தான் இருந்தது.

மேடையோரம் நின்ற அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ புதுக் குத்துவிளக்காகப் பிரகாசித்தது. ஓடி வந்து என் முதுகில் தட்டினார்.

"ஏ பொன்ராஜு! அந்த அம்மா என்ன போடு போடுதா பாத்தீரா? தன்னம்பிக்கையில பணமே பட்டுவாடா பண்ணலாமாம்லா! இத்தன நாளு இது நமக்குத் தோணலையே வே. உமக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். அடுத்த மாசத்துலேர்ந்து தன்னம்பிக்க ஆறாயிரம், ஏ.சி. நாலாயிரம், கண்ணாடி ரெண்டாயிரம். மிச்சம் ஆறாயிரம் ரொக்கமா வாங்கிக்கிடும்."

"அண்ணாச்சி, அது வந்து... மாணவிகளுக்கான கணக்கு."

"கணக்குல என்னவே ஆளு பேதம்? நீரு கண்டுபிடிச்சதுதான!"

முடி கூட்டும் லாவண்யாவுக்கு ஏழாயிரம், எனக்கு ஆறாயிரமா! வீட்டு வாடகை, பையனின் ஸ்கூல் வேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து கைநீட்டின. ரத்தம் கொதித்தது.

"அண்ணாச்சி, இது பகல் கொள்ளை! வேலை செய்றவன் வயித்துல அடிக்கிற பச்சை மோசடி!"

என் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. அந்த வாக்கியம் ஹாலெங்கும், ஜன்னல் வழியாகக் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கணீரென்று கேட்டது. கணக்கைக் கண்டுபிடித்தவனே சொன்ன பிறகு பெற்றோருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ரோஸ்மில்க்கை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, முன்பணத்தோடு படியிறங்கினார்கள்.

சொர்ணம் நேரே அடகுக்கடைக்குப் போனாள், கம்மலை மீட்க. படியிறங்கும்போது ஒரு தாய் சொன்னாள், அசோக் நகரில் ஹமீதுன்னிசா என்ற அம்மாள் தன் பார்லரில் வேலையும் தந்து, கையில் கத்தரிக்கோலும் தருகிறாளாம்; அங்கே போக லாவண்யாவும் சீதாவும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். லாவண்யாவின் மேக்கப் பாதி கலைந்திருந்தது. அன்றைக்குத்தான் அவள் பார்க்க அழகாக இருந்தாள்.

எனக்கு அன்றே வேலை போயிற்று. இருந்தும் எனக்கு ஒரு பெருமை உண்டு. அகாடமி தொடங்கிய நாளிலிருந்து அந்த மேடையில் நான் பேசிய ஒரே உண்மை அது. அதுவும், அடி என் வயிற்றில் விழுந்த பிறகு.