பதினேழாம் புலியின் சம்சாரம்

திருவொற்றியூர்,
புதன் காலை.

காட்டில் புலி எண்ணும் என் மகள் மகிழினிக்கு அப்பா ஜெயவேல் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான், மின்விசிறி, மணலிக் காற்று மூவரும் நலம். அங்கு நீயும் உன் புலிகளும் அப்படியே இருக்க வேண்டும்.

விருப்ப ஓய்வு வாங்கிய அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று, காட்டுக் காமிராப் படங்களைப் பென்டிரைவில் அனுப்பி, வரிகளைப் பார்த்து எது எந்தப் புலி என்று பிரிக்கச் சொன்னாய். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது, நம் கைரேகை மாதிரி என்றாய். நானும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நானூறு படம் பார்த்ததில், பதினேழாம் எண்காரனும் இருபத்து மூன்றாம் எண்காரியும் ஒரே பாதையில், ஒரே வாரத்தில், சண்டை சச்சரவில்லாமல் நடமாடுவதைக் கண்டுபிடித்து, ஜோடி என்று எழுதி அனுப்பினேன். இரண்டும் ஒரு படத்தில்கூடச் சேர்ந்து வரவில்லையே என்று இழுத்தாய். நானும் உன் அம்மாவும் சேர்ந்து நின்றது கல்யாணப் போட்டோ ஒன்றில்தான். அதிலும் அவள் வேறெங்கோ பார்க்கிறாள். அதற்காக நாங்கள் குடும்பம் நடத்தவில்லையா? அவள் போய் இரண்டு வருஷமாகியும் பால்காரரிடம் நான் இன்னும் அதே ஒரு லிட்டர்தான் வாங்குகிறேன், பாதி திரிந்துபோகிறது, அது வேறு கதை.

பெருமை தாங்காமல் கீழ்வீட்டுப் பச்சையம்மாவிடம் படங்களைக் காட்டினேன், அதுதான் தப்பு. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். ஒரு பக்கம் மட்டும் பார்த்து மீன் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

"இன்னா நைனா, திருப்பிப் பாக்க மாட்டியா? இது இடது பக்கம், அது வலது பக்கம். ஒண்ணு போவசொல்ல எட்த்தது, ஒண்ணு வரசொல்ல எட்த்தது. கீறது ஒரே புலி."

வரி வேறு வேறாக இருக்கிறதே என்றேன்.

"உன் ரெண்டு கையிலயும் ஒரே ரேகையா கீது?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரு பக்கமும் தெரியப் பாதையில் எதிரெதிரே காமிரா வைத்தீர்கள்; ஒன்றை யானை மிதித்துவிட்டது. அதற்கு நானா பொறுப்பு? நேற்று சிக்னல் கிடைத்த இரண்டு நிமிஷத்தில் நீயும் இதே சந்தேகத்தைச் சொன்னாய். மாதக் கடைசியில் கணக்குப் போகிறது, இல்லாத புலியை எழுதினால் காட்டுக்குத்தான் கெடுதல், இருபத்து மூன்றை அடித்துவிடட்டுமா என்றாய். வேண்டாம்மா. ஒரு மீன்காரியின் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பத்தைப் பிரிக்காதே. என் கண்ணில் பட்ட ஒரே நல்ல குடும்பம் அது.

உன் புலிகளுக்கு மானும் உனக்கு நேரத்துக்குச் சோறும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒப்புக்கொள்ள மறுக்கும்
அப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மீதிப் படங்களையும் பார்த்தேன். ஒன்றில் அது காமிராவுக்கு நேராக நடந்து வருகிறது. இரண்டு தோளும் தெரிகின்றன. இடது தோளில் பதினேழின் வரி, வலது தோளில் இருபத்து மூன்றின் வரி, நடுவில் ஒரே முகம். இருபத்து மூன்றை அடித்துவிடு. தனியாகத்தான் போகிறது, தனியாகத்தான் வருகிறது. படம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே. போனது திரும்பி வந்ததா என்று அதற்கும் யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும்.