ஆளை விரட்டிப் படமெடுத்த முக்காலி அண்ணன்

குழந்தைகளே, சிலாங்கூரில் படப்பெட்டி தூக்கியவர்கள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். எங்கள் முக்காலி அண்ணனை மறு தட்டில் வையுங்கள். அவர் தட்டுத்தான் தரையைத் தொடும். அவருடைய பெட்டி அவ்வளவு கனம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் அவருக்கு இரும்பு வேலை. பெட்டியை நிறுத்தும் மூன்று கால் கட்டையைத் தோளைவிட்டு இறக்காததால் அந்தப் பெயர். லீவு கிடைத்தால் ரயிலோ மாட்டுவண்டியோ ஏறிவிடுவார். கிள்ளான் மேட்டுக் கோட்டை, கோலசிலாங்கூர் கலங்கரை விளக்கம் எதையும் விட்டுவைக்கவில்லை. குடை பிடிக்க நான் கூடவே போவேன்.

அவரிடம் கடிகாரம் கிடையாது. பெட்டியின் கண்ணைத் திறந்துவிட்டு ஒரு முருகன் பாட்டை மெதுவாகப் பாடுவார். பாட்டு முடிந்தால் படம் விழுந்துவிட்டது என்று கணக்கு. மேகம் மறைத்தால் இன்னொரு தடவை. அத்தனை நேரத்தில் நடக்கிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள், நிற்கிறவர்கள்தான் விழுவார்கள். அவருக்கோ படத்தில் ஆள் தெரிந்தால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. "நிக்காதீங்க, நடங்க, ஜாலான், ஜாலான்" என்று ஊரையே துரத்துவார்.

பத்துமலைக் குகை வாசலில் ஒரு சாமியார் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"சாமி, கொஞ்சம் அப்படி நடந்துட்டு வாங்களேன்."

"நடக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சுப்பா."

"அப்ப ஆடிக்கிட்டாவது இருங்க சாமி."

சாமியார் கண்ணைத் திறந்து பார்த்த பார்வையில் நாங்கள்தான் நடந்தோம்.

படங்களையெல்லாம் ஊரில் இருக்கும் தம் அப்பாவுக்கு அனுப்புவார். ஒருநாள் கப்பலில் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா படத்தையெல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாருண்ணே. ஆளே இல்லாத கட்டடம் ஏது, பையன் கொலுவுல வைக்கிற பொம்மைக் கட்டடத்தைப் படம் புடிச்சு ஏமாத்துறான்னு ஊரே சிரிக்குது."

முக்காலி அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தார். "தம்பி, கோலாலம்பூர் ரயில் ஸ்டேசன் முன்னால நீ நிக்கணும். உன்னை வச்சுத்தான் அதோட உசரம் தெரியணும். அசைஞ்சே, எங்கப்பா மானம் போச்சு."

வெள்ளைக் கோபுரங்களுக்குக் கீழே மரக்கட்டையாக நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. மேகம் வந்தது. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து. அப்போது ஒரு பஞ்சாபி போலீஸ்காரர் தடியோடு வந்து, "அபா புவாட்?" என்று அதட்டினார். என்ன செய்கிறாய் என்று அர்த்தம். நான் இமைக்கவில்லை. அண்ணனோ பாட்டை நிறுத்த முடியாமல், அதே ராகத்தில் "துங்கு தூவான், துங்கு" என்று, பொறுங்கள் ஐயா என்பதை இழுத்துப் பாடினார். இது ஏதோ பூஜை என்று நினைத்த போலீஸ்காரர், மரியாதையாக என் பக்கத்தில் விறைப்பாக நின்றுவிட்டார்.

படத்தில் இரண்டு பேரும் அச்சாக விழுந்திருந்தோம். எங்கள் தலைக்கு மேலே மலை மாதிரி ஸ்டேசன்.

ஊரில் அவர் அப்பா அதைச் சட்டம் போட்டுத் தெருப்பக்கச் சுவரிலேயே மாட்டினார். பூட்டியிருந்த படங்களும் வெளியே வந்து பக்கத்தில் ஏறின. சிரித்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாராம். அப்படிப் பார்க்க வந்தவர்களில் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் ஒருவர். படத்தில் என்னைத் தொட்டுக் காட்டி, "போலீசைக் காவலுக்கு வச்சிருக்கிற பையனா? விசாரிங்க" என்றார். மிச்சக் கதையை உங்கள் அம்மா சொல்லுவாள்.

போன மாதம் முக்காலி அண்ணன் ஒரேயடியாக ஊருக்குக் கப்பலேறினார். அவரை வழியனுப்பிவிட்டு ரயிலில் திரும்பிய நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேசன் முன்னால் அதே இடத்தில் நின்று, அந்தப் பாட்டை வாய்க்குள்ளேயே முழுவதும் பாடினேன். மேகம் இருந்தது. அதனால் இன்னொரு தடவையும் பாடினேன். முடியும்வரை அசையவில்லை.