நீலச் சுடிதார், இரட்டைச் சடை

பிள்ளைகளைப் பாட்டுத் திருவிழாவுக்கு அனுப்பும் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. சொல்பவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டு தாண்டி விட்டதில்லை. மீதிப் பேருக்குப் பிள்ளையே இல்லை. என் மகள் ரேவதி பிளஸ் டூ முடித்த வருடம், பொம்மையார்பாளையம் கடற்கரையில் நடக்கும் ஒரு பாட்டுத் திருவிழாவுக்குப் போகிறேன் என்றாள். விழுப்புரத்தில் என் டைல்ஸ் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு அறிவுரையைக் கொடுத்துவிட்டு, டைல்ஸ் வாங்காமல் போனார்கள்.

"காதுல பஞ்சு வெச்சு அனுப்புங்க."

"யாராவது ஜூஸ் குடுத்தா குடிக்காதன்னு சொல்லுங்க."

என்னிடம் இருப்பது ஒரே அறிவுரை. அப்பனை மைக்குக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

மனைவியைத் திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கடையின் லோடு வண்டியிலேயே மகளைக் கூட்டிப் போனேன். (டைல்ஸ் தூசோடு இறங்கினால் சிநேகிதிகள் என்ன நினைப்பார்கள் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.) இறங்கும்போது ஒரே நிபந்தனை போட்டாள்.

"ப்பா, நீ உள்ள மட்டும் வந்துடாத. வண்டிகிட்டியே இரு. முடிஞ்சதும் நானே வர்றேன். சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். வாய் சொன்னது, எனக்குச் சம்பந்தமில்லை.

கொஞ்ச நேரம் அவித்த மல்லாட்டையை (வேர்க்கடலைதான்) உரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே கிழிந்த பேண்ட் போட்ட நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பாட்டு என்று நம்பி ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரேவதிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அந்தச் சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும் என்று ஒரு மாடுகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அடுத்த நிமிடமே அவளைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது, என் மண்டைக்குள்.

கூட்டத்தில் ஆள் காணாமல் போனால் மைக் செட்காரரிடம் போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தேர்த் திருவிழாவில் அதுதான் சட்டம். சின்ன வயதில் நானே அப்படி அறிவிக்கப்பட்டு, மீட்கப்பட்டு, அப்பாவிடம் உதை வாங்கியவன். எழுந்து நடந்தேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. (தண்ணீர் கேன் போடுகிற ஆள் என்று நினைத்திருப்பார்கள்.)

மேடை ஓரம் கொண்டை போட்ட ஒருவர் சவுண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கல்லாம் அனவுன்ஸ் பண்ண மாட்டோம்."

"பொண்ணக் காணோம்பா!"

மனிதர் பயந்துவிட்டார். பாட்டு நின்றது. மைக் என் கைக்கு வந்தது. வந்ததும் எனக்கு ஒரு கம்பீரம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

"விழுப்புரம் டைல்ஸ் கடை மாணிக்கத்தின் மகள் ரேவதி எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். நீலச் சுடிதார், இரட்டைச் சடை. யாரும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டாம், சளி பிடிக்கும்."

 மொத்தக் கடற்கரையும் "ரேவதி! ரேவதி!" என்று கத்த ஆரம்பித்தது. டிரம்ஸ்காரர் வேறு அதற்குத் தாளம் போட்டார்.

வாசல் பக்கமிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரேவதி வந்தாள். கையில் ஒரு இளநீர். அப்பன் பசியோடு இருப்பானே என்று வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போயிருக்கிறாள். அங்கே நான் இல்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"விழுப்புரம் டைல்ஸ் கடை மாணிக்கம் உடனே வண்டிகிட்ட போகவும். அங்கியே இருக்கேன்னு சத்தியம் பண்ணிக்கினுதான் வந்தாரு."

எனக்குக் கிடைத்த கைதட்டல் அந்த நாலு பேருக்கும் கிடைக்கவில்லை.

திண்டிவனம் வரை அவள் பேசவில்லை. மனைவி ஏறியதும் விஷயம் கேட்டு, "வண்டிகிட்ட நிக்கச் சொன்னா நிக்கத் தெரியாதா? பேஜாரு புடிச்ச மனுசன்!" என்றாள். அதன் பிறகுதான் ரேவதி வாயைத் திறந்தாள்.

"கூட்டத்த நம்பலன்னு சொல்லாதப்பா. நீ என்னத்தான் நம்பல. இனிமே எங்க போனாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலமெல்லாம் போன் அம்மாவுக்குத்தான் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதை நீட்டிக்கொண்டிருப்பேன். அது வலித்தது. வீட்டில் கண்ணாடியைத் தேடினால்கூட மனைவி, "மைக் எடுத்துட்டு வரட்டா?" என்பாள். இன்றும் அதுதான்.

ரேவதி கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. பெண்ணை அனுப்பும் நேரத்தில் நான் மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அப்போது ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"விழுப்புரம் டைல்ஸ் கடை மாணிக்கம் எங்கிருந்தாலும் உடனே வண்டிகிட்ட வரவும். பட்டு வேட்டி, முன் வழுக்கை. யாரும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டாம், சுகர் இருக்குது. அவரு வராம வண்டி கிளம்பாது."