பொழுது சாயுமுன் ஒரு ரெட் வெல்வெட்

செஞ்சிக் கோட்டைக்கு எத்தனையோ ராஜாக்கள் மாறினார்கள். ஆனால் வெல்வெட் பாய் மாதிரி கூசாமல் புளுகியவர் அந்த மூன்று மலைக்குள் பிறந்ததில்லை. அறுபதுகளில் கடைத்தெருவில் அவர் பேக்கரி. மாடியில் குடியிருந்த குமாஸ்தா நான். புளுகெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: ரெட் வெல்வெட் என்ற சிவப்புக் கேக்.

அவர் சொல்லும் கதையில் அந்தக் கேக் திங்கட்கிழமை அமெரிக்க ஹோட்டலில் பிறக்கும். புதன்கிழமை கப்பலில் பிறக்கும். அந்தக் கப்பலில் பாய்தான் சமையல். வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் நம் கோட்டை ராணிக்கே சுட்டதாக வந்துவிடும். “ராணிக்கு இன்னா பிடிக்கும்னு நீ பார்த்தியா?” என்று என்னை மடக்குவார்.

எதிர்க்கடை நயினார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி, சமணர். பாய்க்கு உயிர் சிநேகிதர். ஆனாலும் பாய் கடைப் பண்டத்தை வாயில் வைத்ததில்லை. முட்டை ஆகாது. சிவப்புக்குப் போடும் பீட்ரூட் கிழங்காம், அதுவும் ஆகாது.

“உங்க மல்லாட்டை மட்டும் மரத்துலயா காய்க்குது நயினாரே?”

“அது கொட்டை பாய். கிழங்கு இல்ல.”

திடீரென்று நயினார் கடையை விற்றுவிட்டு, மகனோடு இருக்கப் பம்பாய் புறப்பட்டார். மறுநாள் காலை பஸ். பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் கேக்கைத் தின்னாமலே மனிதர் ஊரைவிட்டுப் போவதா?

முட்டை படாத புது டின் வாங்கினார். முட்டை இல்லை, பீட்ரூட் இல்லை. கோகோ கலந்த மாவில் மோரும் எலுமிச்சைச் சாறும் விட்டு, சமையல் சோடா போட்டதும் அது நுரைத்து எழும்பியது. அடுப்புக்குள் போனதும் படுத்துவிட்டது. மறுபடி கலக்கிச் சுட்டதில், பழைய செங்கல் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது.

“ஆதியில இந்தக் கலர்தான்!” என்றார் பாய். பிற்பாடு விசாரித்ததில், அவர் தெரியாமல் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது. சமணர் வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் நயினார் எதையும் சாப்பிட மாட்டார்.

“பொழுது போயிட்டுது. வுடுங்க பாய்.”

“மலை மறைச்சா பொழுது போனதா ஆயிடுமா? சிங்கவரம் ரோட்டுல இன்னும் வெயில் அடிக்குது. ஏறுங்க!”

கனத்த சரீரம் நயினாருக்கு. கேரியரில் அவர் உட்கார்ந்ததும் பாயின் சைக்கிள் முனகியது. சூடான டின்னோடு நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் ஓட்டினேன். மலை நிழல் முடிந்த இடத்தில் பாய் பிரேக் போட்டார். வயல்மேல் சூரியன் இன்னும் மிச்சம் இருந்தது.

நயினார் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். நானும் தின்றேன். ஓரம் கருகல், நடுவில் களி. பாய் நயினார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நயினார் கையை நீட்டினார்.

“சீக்கிரம் இன்னொண்ணு குடுங்க பாய். சூரியன் போயிடப் போகுது.”

திரும்பும்போது பாய் சைக்கிளை மிதிக்கவில்லை. நயினாரோடு பேசிக்கொண்டே தள்ளி வந்தார். நான் டின்னோடு முன்னால் வந்துவிட்டேன். அப்படி அழிச்சாட்டியம் பண்ணிக் கேக் தின்ன வைக்க ஒரு சிநேகிதன் எனக்கும் வாய்க்கக் கூடாதா என்று இருந்தது.