வாட்டி கெடஸ் போட்டுக்கொண்டு போன ஷூ

மனிதர்களுக்குக் கால் உண்டு என்பதை இன்வர்டாரன் ஊரின் மரபுடைக் குழு என்றுமே மறுத்ததில்லை. அது வலிக்கும் என்பதைத்தான் குழுவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மர்டோ கில்லண்டர்ஸுக்கு வலித்தது. இடது பெருவிரல் மூட்டு புடைத்து, தோலுக்குள் சின்ன வெங்காயம் ஒன்று புகுந்துகொண்ட மாதிரி நின்றது. காலையில் முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி இறங்கியது. இருந்தும் இத்தனை வருஷம் ஊர் பேக்பைப் ஊதுகுழல் குழுவின் கடைசி வரிசையில், கில்ட் என்ற கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். கடைசி வரிசையில் நொண்டுகிறவனை யார் பார்க்கிறார்கள்? இந்த வருஷம் விஷயம் வேறு. முன்னால் நடந்தவர் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். விளையாட்டு விழா ஊர்வலத்தை மர்டோ நடத்தட்டும் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். தேவாலய வாசலிலிருந்து கருங்கல் பாவிய மேட்டுத் தெரு வழியாக மைதானம் வரை, தனியாக, எல்லோருக்கும் முன்னால். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்ட ஒரே பதவி அது.

கில்ட் கட்டினால் காலில் புரோக் போட வேண்டும். நாக்கு இல்லாத தோல் காலணி. வாரைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அடித்தோல் அப்பளம். மர்டோ, பாத வைத்தியர் சொல்லி வாங்கிய அகன்ற மூக்கும் மெத்தென்ற அடியும் கொண்ட கறுப்பு ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு குழுவைப் பார்க்கப் போனார்.

குழு நகர மண்டபத்தின் பின்னறையில் கூடியிருந்தது. தலைவர் ரனால்ட் பட்டுல்லோ. செயலாளர் எஃபி டல்லக். மூன்றாமவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பிஸ்கட் தட்டு தன் பக்கம் இருக்கும்வரை எதையும் ஆதரிப்பவர்.

பட்டுல்லோ ஷூவைத் தொடவில்லை. பேனாவால் தள்ளிப் பார்த்தார்.

"என்னப்பா இது? மெத்து மெத்துன்னு இருக்கு?"

"கால் வலிக்குது, ரனால்ட். அதான்."

"அப்ப வசதிக்காகப் போடுற."

"வேற எதுக்குய்யா ஷூ போடுவாங்க?"

எஃபி டல்லக் அதிர்ச்சியை மறைக்கத் தேநீர் ஊற்றினார்.

"புரோக்குல ஏன் நாக்கு இல்ல தெரியுமா?" என்றார் பட்டுல்லோ. "நம்ம முப்பாட்டனுங்க சதுப்புல நடந்தவங்க. உள்ள போன தண்ணி வெளிய வரணும்."

"சதுப்பு எங்க இருக்கு இப்ப? அதுமேல சூப்பர் மார்க்கெட் கட்டியாச்சு. நீதான் ரிப்பன் வெட்டின."

"சதுப்பு போகலாம். மரபு போகக் கூடாது."

மர்டோவுக்குச் சூடேறியது. "முப்பாட்டன் வெறுங்காலோடதான் நடந்தான். நானும் அப்படியே வர்றேன், போதுமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைவிடத் தூய மரபு இருக்க முடியாது. கோரிக்கை ஏகமனதாக நிறைவேறியது. பிறகு மரபுடைக் குழு கலைந்தது. மூவரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். பாதுகாப்புக் குழு கூடியது.

"வெறுங்காலா?" என்று பட்டுல்லோ மேஜையைத் தட்டினார். "கண்ணாடி குத்தினா யாரு பொறுப்பு? எந்த முட்டாள் இதுக்கு அனுமதி கொடுத்தது?"

"மரபுடைக் குழு," என்றார் எஃபி.

"அவங்க எப்பவுமே இப்படித்தான்."

முடிவில் மர்டோவிடம் கனிவாகச் சொல்லப்பட்டது: புரோக் போடலாம், அல்லது பட்டுல்லோவின் மைத்துனன் ஃபின்லேக்கு வழிவிடலாம்.

"ஃபின்லேக்கு ஊதவே வராதே!"

"ஊதறது இசைக்காரங்க விஷயம். எங்க கவலை முழங்காலுக்குக் கீழ. அவன் கால் அருமையான கால்."

வீட்டில் மர்டோ உப்பு வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஃபின்லேயே நடத்தட்டும்னு சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லு. அவன் ஊதற ஊத்துல ஆடுமாடெல்லாம் கடலுக்கு ஓடட்டும்," என்றாள் மனைவி இஷ்பெல். துண்டை அவர் மடியில் எறிந்துவிட்டு நின்றாள். "அது சரி, வாட்டி கெடஸ் என்ன போட்டுக்கிட்டுப் போனான்?"

பெரிய முரசு அடித்துக்கொண்டிருந்த வாட்டி வசந்தத்தில் இறந்துபோனார். ஊர் வழக்கப்படி முழு உடையில், கில்ட் கட்டித்தான் பெட்டியில் வைத்தார்கள். வீங்கிப்போன காலில் புரோக் ஏறவில்லை. அவர் மனைவி அலுத்துப்போய் வீட்டில் கிடந்த மெத்தை ஷூவை மாட்டிவிட்டாள். மாட்டும்போது பாதத்தைப் பிடித்துக்கொண்டது இஷ்பெல்.

"நீயும் பின்னாடி ஊதிக்கிட்டுத்தான் போன. ரனால்ட் தொறந்த பெட்டிகிட்ட தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. வாயத் தொறந்தாரா?"

மறுவாரம் குழுவில் மர்டோ இதைச் சொன்னதும் பல் டாக்டர் முதல்முறையாகப் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"ஆனா வாட்டி நடக்கலையே," என்றார் எஃபி.

"ஊர்வலமே அவனுக்காகத்தானே நடந்துச்சு?"

பட்டுல்லோ கண்களை மூடி யோசித்தார். "வாட்டிக்கு அப்ப கால் வலி இருந்துச்சா?"

"செத்தவனுக்கு ஏதுய்யா வலி?"

"அப்ப வசதிக்காகப் போடல." பட்டுல்லோ கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒளி இருந்தது. "வசதிக்காக இல்லாம ஒருத்தன் ஒண்ணப் போட்டா, அதுதான்யா மரபு."

தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. அமரர் வால்டர் என்ற வாட்டி கெடஸ் அவர்கள் தமது இறுதிப் பயணத்தில், சொந்தச் சௌகரியத்தைச் சிறிதும் கருதாது அணிந்திருந்த பாதணி இவ்வூரின் தொன்மரபு என இதனால் அறியத்தரப்படுகிறது. இத்தகைய விஷயங்களில் கடைசியாகக் காலமானவரின் முடிவே இறுதியானது. ஊர்வலத்தில் சீர்மை கருதி அனைவரும் இதையே அணிதல் வேண்டும்.

கடைசி வரியை மர்டோ எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கவும் இல்லை.

விழா நாளில் அவர் நடந்தார். வலியில்லாமல், நிமிர்ந்து, மேட்டுத் தெரு முழுக்க. பின்னால் நல்ல கால்கள் கொண்ட அத்தனை பேரும் நொண்டினார்கள். அகன்ற ஷூவுக்குள் பாதங்கள் அலைந்தன. முரசுக்காரன் ஒருவனின் ஷூ கழன்று தெருவிலேயே நின்றுவிட்டது. ஒல்லிக் கால்காரி ஷீனாவுக்குக் குதிகால் இரண்டும் உரிந்தன. அந்த நொண்டலைப் பழங்கால நடனம் என்று எண்ணிய சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். குளிர்காலத்துக்குள் எடின்பரோக் கடைகளில் 'வாட்டி' என்ற பெயரில் அந்த ஷூ வந்துவிட்டது, இடது பெருவிரல் பக்கம் தயாராகப் புடைத்தபடி. மாப்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு லேசாக நொண்டப் பழகினார்கள். நொண்டாதவன் நாட்டுப்புறத்தான் என்று ஆயிற்று.

பிஸ்கட்டின் தரம் குறைந்ததால் பல் டாக்டர் விலகினார். அந்த இடத்துக்கு மர்டோ வந்தார்.

வசந்தத்தில் ஷீனா குதிகாலில் ஒட்டுத்துணியோடு, கையில் ஓட்ட ஷூவோடு குழுவின் முன் வந்து நின்றாள். மர்டோவுக்கு அந்த வலி தெரியும். மனம் இளகித்தான் கேட்டார்.

"இதப் போட்டுக்கிட்டு யாராவது செத்திருக்காங்களாம்மா?"

"இது ஓடறதுக்குப் போடற ஷூ, மர்டோ!"

"அப்ப கஷ்டம்."

இலையுதிர் காலத்தில் பட்டுல்லோ நிமோனியாவில் படுத்தார். டாக்டர் உதட்டைப் பிதுக்கிய செய்தி பரவியதும், கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடியது. வந்தவர்கள் எல்லோரும் திராட்சையோடு ஒரு ஜோடி ஷூவும் கொண்டுவந்தார்கள். முரசுக்காரன் ரப்பர் பூட்ஸ் வைத்துவிட்டுப் போனான். ஃபின்லே மான் தோலில் ஒன்று வாங்கி வந்திருந்தான். ஷீனாவின் ஓட்ட ஷூ பட்டுல்லோவின் அளவிலேயே இருந்தது, மஞ்சள் நிறம்.

"என்மேல இவ்வளவு பிரியமா இந்த ஊருக்கு," என்று பட்டுல்லோ கண் கலங்கினார்.

மர்டோ அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து, கோட்டுக்குள்ளிருந்து புத்தம்புதிய 'வாட்டி' ஜோடியை எடுத்தார்.

"அசையாம படுத்துக்க, ரனால்ட். சிரமப்படாத," என்று சொல்லி, போர்வையைக் கால் பக்கம் மெல்ல விலக்கினார்.