பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு

மௌலா அலி,
ஆகஸ்ட் 2007

மதிப்பிற்குரிய சம்பந்தி ராஜகோபால் அவர்களுக்கும், கோபத்தில் இருக்கும் சம்பந்தியம்மா கல்பகம் அவர்களுக்கும் சக்ரபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பகவதியும் நலம். சாருலதாவும் நலம் என்று பகவதி சொல்கிறாள். மகள் என்னோடு பேசுவதில்லை. போலாரத்தில் உங்கள் இருவர் நலமும் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தின் நலமும் அறிய ஆவல். போன் செய்தால் சம்பந்தியம்மா வைத்துவிடுகிறார். கடிதத்தையாவது கடைசிவரை படிப்பார் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். வரன் தேட ஆரம்பித்த காலத்தில் சாருலதாவை நச்சரித்து, அவள் பெயரிலேயே இணையத்தில் ஒரு முகவரி வாங்கவைத்து, 'வரன் தேவை' என்று ஒரு பக்கம் போட்டேன். நிச்சயதார்த்தம் முடிந்ததும் அவள் கல்யாணத்துக்கென்று ஒரு தளம் செய்து, அதே முகவரிக்குள் 'கல்யாணம்' என்ற ஃபோல்டரில் வைத்தாள். ஆகவே பத்திரிகையில் அவள் பெயர், டாட் காம், ஒரு சாய்கோடு, பிறகு கல்யாணம் என்று அச்சிட வேண்டும். புரூஃப் வந்தது. மஞ்சள் தடவிக் கொடுக்கிற பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் வெட்டிப்போட்ட மாதிரி ஒரு கோடா? அச்சகத்தாரிடம் எடுக்கச் சொன்னேன். கோட்டோடு அதற்குப் பின்னாலிருந்த கல்யாணமும் போய்விட்டது.

உங்கள் உறவினர்கள் பத்திரிகையைப் பார்த்து முகவரியைத் தட்டினால் அதன் முன்பக்கம் வராமல் வேறென்ன வரும்? 'வரன் தேவை.' அதன் கீழே என் கைவரிசை: 'மாப்பிள்ளைக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.'

"பத்திரிகை அடிச்ச அப்புறமும் மாப்பிள்ளை தேடுறீங்களா? எங்க பையனுக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரிஞ்சுதானே பேசி முடிச்சீங்க? கல்யாணம் வேணுமா வேணாமான்னு இப்பவே சொல்லிடுங்க" என்று சம்பந்தியம்மா கேட்டார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அதுதான் என்னை வதைக்கிறது.

அந்த வரியை எழுதியபோது எனக்கு ஸ்ரீகாந்தைத் தெரியாது. இந்த ஊரில் நாம் தமிழில் கேட்டால் பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொல்கிறார்களே, நாளைக்குப் பேரன் என் கடிதத்தை யாரிடம் கொடுத்துப் படிப்பான் என்ற பயத்தில் எழுதியது. பெண் பார்க்க வந்தவர் நான் கேட்டதற்கெல்லாம் 'ஆமாம்' என்பதற்குப் பதில் இந்த ஊர்ப் பேச்சில் "ஹவ் மாமா, ஹவ் மாமா" என்றார். ஆனால் பகவதி நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்து, எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அன்றே அந்த வரி என் மனதிலிருந்து போய்விட்டது, சர்வரிலிருந்து போகவில்லை.

"பேரைத் தட்டினா அந்த ஃபோல்டர் திறக்கிற மாதிரி திருப்பிவிட்டாப் போதும்ப்பா. தளத்தை அசைக்கவே வேண்டாம், இருந்த இடத்துலயே இருக்கும்" என்றாள் சாருலதா. அவள் ஆபீஸ் போனதும் நானே திருப்பினேன். முகவரி கல்யாணத்துக்குப் போனது, அங்கிருந்தும் கல்யாணத்துக்குத் திரும்பியது, கல்யாணத்துக்குள் கல்யாணம், அதற்குள் இன்னொரு கல்யாணம் என்று நீண்டுகொண்டே போய்க் கம்ப்யூட்டரே கைவிரித்துவிட்டது. ஜீடிமெட்லாவிலிருந்து உங்கள் தம்பி போன் செய்து, "மொத்தம் எத்தனை கல்யாணம் சார்?" என்றார். மகள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் அவள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவளையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தேன். பெயர் உங்கள் வீட்டைக் காட்டும். அவள் அவளாகத்தான் இருப்பாள். இதை நினைத்தபோது அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. அந்தப் பழைய பக்கத்தை அடியோடு அழித்துவிடச் சொல்கிறேன். இந்தச் சம்பந்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் மனம் நிறைந்த ஆசிகள்.

இப்படிக்கு,
கோடு எடுத்த பாவி,
சக்ரபாணி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஆசை விடாமல் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். கல்யாணத் தளம் ஒழுங்காக வந்துவிட்டது! சாருலதா பாஸ்வேர்டை உங்கள் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள் என்று பகவதி சொல்கிறாள். அவர் பெயரைச் சரியாகத் திருப்பிவிட்டு, என் பழைய விளம்பரத்தையும் அழிக்காமல் கீழே ஒட்டியிருக்கிறார். அதன் அடியில் அவரே தட்டிய வரி: 'மாப்பிளை கிடைச்சாச்சு. தமிள் படிக்கிறான்.' ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். எதையும் அழிக்கவும் வேண்டாம். முக்கியமாக அந்த 'ள'வை யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.