ஆறாவது தலைக்கு ஒரு கிரீடம்

குழந்தை வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வேண்டும்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே மூன்று மைலில், வெண்ணாற்றங்கரையை ஒட்டிய தன் வீட்டுக் கூடத்தில் மிராசுதார் சாமிதுரை குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வந்த கடிதம் அவர் கையில் விசிறியாக மாறியிருந்தது. நில உச்சவரம்பு ஸ்பெஷல் தாசில்தார் நேரில் வந்து குடும்பத்தைப் பார்வையிடப் போகிறாராம்.

சட்டம் வந்த நாளிலிருந்தே அவருக்கு நிம்மதி இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர். ஆறாவதாக ஒரு தலை இருந்தால் இன்னும் ஐந்து. சாமிதுரை, மனைவி, கல்யாணமாகாத மகள், மகன், மருமகள் என்று எண்ணினால் கணக்கு ஒரு கையோடு நின்றுவிட்டது. அப்படியானால் ஆற்றங்கரை ஐந்து ஏக்கர் போய்விடும். பொன் விளைகிற மண். வீரையன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத மண். குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று காதில் விழுந்த மறுநாளே வீரையனை வெளியேற்றி, தினக்கூலியாக்கி, அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய நிலம். அதைச் சர்க்கார் தூக்கிக்கொண்டு போவதா? ஆறாவது தலைக்கென்று ஆற்றங்கரை சர்வே எண்ணைக் குறித்து, மனுவில் 'பேரக்குழந்தை ஒன்று' என்று முன்பே எழுதி அனுப்பிவிட்டார்.

"எழுதினதுதான் எழுதினீங்க, பேரையும் போட்டிருக்கலாமே" என்றார் காரியஸ்தர் கண்ணுசாமி.

"அதான் சூட்சுமம். யார் பேரையும் போடலை, தலைக்கணக்கு மட்டும் எழுதியிருக்கேன். எந்தப் பிள்ளை கிடைக்குதோ அந்தப் பேரை அப்புறம் சேத்துக்கலாம்ல?"

கண்ணுசாமி இந்தச் சாமர்த்தியத்தில் சொக்கிப்போய்ப் பிள்ளை தேடக் கிளம்பினார்.

பிள்ளை கிடைத்தது. வேறு எங்கே, அதே வீரையன் வீட்டில்தான். அவன் மனைவி அம்சத்துக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம். ஒரு நாள் இரவல் கொடுத்தால் ஒரு மூட்டை நெல் என்றதும் அம்சம் தலையாட்டிவிட்டாள். "பசிச்சா அழுவுங்க. நான் பக்கத்துல இருக்கணும்" என்பது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.

குழந்தையைப் பார்த்ததும் சாமிதுரைக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. மூக்கு, காது, நெற்றி எல்லாம் வீரையன். மீசைதான் பாக்கி.

"இதை என் பேரன்னு எவன்யா நம்புவான்?"

அப்போதுதான் சுவரில் தொங்கிய காலண்டர் கண்ணில் பட்டது. மருமகள் சௌந்தரநாயகி நாகப்பட்டினத்துக்காரி. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அவள் கொண்டுவந்து மாட்டிய வேளாங்கண்ணி மாதா காலண்டர். தாய் தலையில் ஒரு கிரீடம், கைக்குழந்தை தலையில் அதே மாதிரி சின்னதாக ஒரு கிரீடம்.

"கண்ணுசாமி! இந்தப் படத்தைப் பாத்து, இது இந்தத் தாயோட பிள்ளைதானான்னு எவனாவது கேட்டிருக்கானா?"

"எப்படிங்க கேப்பான்?"

"அதான்யா ஜோடிக் கிரீடத்தோட மகிமை. மூக்கு முழியை எவன் பாக்கப் போறான்?"

கிரீடத்துக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. சௌந்தரநாயகியின் குரோஷா ஊசி சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ரேடியோவுக்கு உறை, நாற்காலி முதுகுக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு மூடி என்று அந்த வீட்டில் பின்னல் போர்த்தாத பொருள் மாமனார் ஒருவர்தான்.

"ரெண்டு கிரீடம் பின்னும்மா. உனக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. நாலு வருஷமா நீ குடுக்காததை ஒரு நாளைக்காவது மடியில வச்சுக்கிட்டிரு."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவள் கண் கலங்கிவிட்டது. கணவன் அதே நாலு வருடமாகச் சென்னையில் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் எங்கிருந்து கொடுப்பாள் என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

"சரிங்க மாமா" என்றாள்.

சாமிதுரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மறுநாள் அவள் கையில் இருந்த நூலை. நீடாமங்கலம் கடையில் அன்று கிடைத்தது சிவப்பு நூல்தான்.

"ஐயோ, செவப்பா! செங்கொடிச் சங்கத்து வீடுன்னுல்ல நினைப்பான்! கொஞ்சம் கறுப்பும் சேத்துப் பின்னு."

"சரிங்க மாமா."

கறுப்பும் சிவப்புமாகக் கிரீடம் வளர்ந்தது. பார்த்தவர்கள் பேசாமல் இருப்பார்களா? மிராசுதார் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுவதும் பரவிவிட்டது. கிளைச் செயலாளர் துண்டும் உறுப்பினர் படிவமுமாக வந்து நின்றார். தாசில்தார் வரும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்று சாமிதுரை துண்டைப் போட்டுக்கொண்டார். எந்தக் கட்சி கொண்டுவந்த சட்டத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தாரோ, அந்தக் கட்சியிலேயே உறுப்பினரானார். அவருடைய பழைய கட்சிக்காரர்கள் அன்றிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓரத்தில் ஜரிகை வைத்து இரண்டு கிரீடமும் அமர்க்களமாகத் தயாராகியிருந்தன. படம் பிடித்துக் கோப்பில் சேர்க்க ஸ்டூடியோ மீரா உசேனும் கேமராவோடு வந்துவிட்டார். மனைவியும் மகளும் எண்ணிக்கைக்காகக் கூடத்து மூலையில் உட்கார்ந்தார்கள்.

சௌந்தரநாயகி கிரீடத்தைத் தலையில் வைத்தாள். இறங்கவில்லை. உச்சியில் தொற்றிக்கொண்டு ஆடியது. கண்ணுசாமி கொண்டை ஊசிகளை வாங்கி நீட்ட, மாமியார் குத்த, நாலு ஊசியில் ஒருவழியாக நின்றது. சின்னக் கிரீடத்தை மாட்டிக் குழந்தையை மடியில் போட்டார்கள். அது ஒரு நொடி அண்ணாந்து பார்த்தது. அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டுக் கையைக் காலை உதறியது. ஊசி தெறித்தது. பெரிய கிரீடம் உருண்டு சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது.

வாய்க்கால் மதகடியில் ஜீப் சத்தம் கேட்டது.

"அம்சம், பிள்ளையைப் பிடி! பிடி!"

அம்சம் வாங்கியதும் குழந்தை வாயை மூடிக்கொண்டது. கிரீடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணுசாமி அதைத் துடைத்து அவள் தலையிலேயே வைத்தார். அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. குழந்தை சிரிக்கவே சிரித்தது.

சாமிதுரைக்குப் பொறி தட்டியது. "அம்சம், இன்னைக்கு நீதான் மருமக. நாற்காலியில உக்காரு. வாயைத் திறக்காதே."

"என் பட்டுப்புடவையைக் கட்டிவிடட்டுங்களா மாமா?" என்றாள் சௌந்தரநாயகி. சரி என்பதற்குள் கட்டிவிட்டாள்.

தாசில்தார் உள்ளே நுழைந்ததும் கைகூப்பினார். "ஆகா! தாயும் சேயும்! ஒரே ஜாடை, ஒரே கிரீடம். சில ஊர்ல இரவல் பிள்ளையைக் காட்டி ஏமாத்தறாங்க சார். அந்த மாதிரி ஆளை நான் விடறதில்லை. உள்ள தள்ளி, இருக்கிற மொத்த நிலத்தையும் எடுத்துடுவேன்."

"எடுக்கணுங்க" என்றார் சாமிதுரை.

"மனுவுல பேரே இல்லையே? பேரெழுதத்தான் வந்தேன். அம்மா பேரு?"

சாமிதுரை வாயைத் திறப்பதற்குள் அம்சத்திடமிருந்தே பதில் வந்துவிட்டது. "அம்சங்க."

தாசில்தார் எழுதிக்கொண்டார். "வீட்டுக்காரர் பேரு?"

அம்சம் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் பழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பாடா என்று சாமிதுரை மகன் பேரைச் சொல்ல மூச்சு இழுத்தார். ஆனால் ஜீப்பை வேடிக்கை பார்க்க நாற்றங்காலிலிருந்து வந்து வாசலில் நின்ற பெண்களுக்கு அவரைவிட முறை தெரியும்.

"வீரையனுங்க!" என்று ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள்.

"உங்க மகன் பேரு வீரையனா?"

உள்ள தள்ளி, மொத்த நிலத்தையும். தாசில்தார் சொன்னது சாமிதுரை காதில் ஒலித்தது. "ஆ... ஆமாங்க. குலசாமி பேரு."

"எங்க அவரு?"

பெண்கள் தங்களோடு வந்து நின்ற வீரையனை முன்னால் தள்ளினார்கள். முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி.

"மிராசு மகன் சேத்துல நிக்கிறாரே!"

"சுயசாகுபடிங்க" என்றார் சாமிதுரை பரிதாபமாக. "அவனே எறங்கி வேலை பாப்பான்."

தாசில்தாருக்குக் குரல் தழுதழுத்தது. "உழுபவனுக்கே நிலம்னு மேடையில கேட்டிருக்கேன். கண்ணால இன்னைக்குத்தான் பாக்கறேன். பாருங்க, அப்பா எதிர்ல உக்காரக்கூட மாட்டேங்கறாரு. என்ன மரியாதை!"

சௌந்தரநாயகி காபியோடு வந்தாள்.

"இவங்க?"

"சமையலுக்கு இருக்கிற பொண்ணுங்க" என்றார் சாமிதுரை.

"ஆமாங்கய்யா" என்று தம்ளரை நீட்டினாள் அவள்.

காபியைக் குடித்துவிட்டுத் தாசில்தார் பையிலிருந்து புதிதாக ஒரு தாளை எடுத்தார். "ஒரு சின்ன விஷயம். பினாமியை ஒழிக்க மேலேருந்து உத்தரவு. ஆறாவது ஆளுக்கான நிலத்துக்கு அவங்க பேர்லயே பட்டா போடணும். பிள்ளை மைனர்ங்கறதால தாய் கார்டியன். நிலம்... நீங்களே குறிச்சிருக்கீங்க. ஆத்தங்கரை அஞ்சு ஏக்கர்."

"அது... அந்தப் பக்கம் களர் நிலம் ஒண்ணு இருக்குதுங்க. அதைப் போட்டா..."

"பேரனுக்குக் களரா? உங்க மனசு எனக்குத் தெரியாதா சார்? பிள்ளைக்குப் பேரு?"

"இன்னும் வைக்கலைங்க" என்றாள் அம்சம்.

"நானே வைக்கிறேன். நல்ல தமிழ்ப் பேரு. கிரீடம் வேற இருக்கு. நிலவேந்தன்!"

வாசலில் பெண்கள் குலவையிட்டார்கள். சாமிதுரை கையெழுத்துப் போட்டார். அம்சம் கைநாட்டு வைத்தாள். கிரீடத்தோடு தாயையும் சேயையும், பின்னால் மண்வெட்டியோடு தகப்பனையும் நிறுத்தி மீரா உசேன் படம் எடுத்தார். ஜீப் போய்விட்டது.

"வெறும் காகிதம்தானே? கிழிச்சுப் போட்டாப் போச்சு" என்றார் சாமிதுரை.

"ஜீப்புல போயிடுச்சுங்களே" என்றார் கண்ணுசாமி. "அது பொய்யின்னு நீங்க சொன்னா, பொய் மனு குடுத்த கேஸ். சொல்லாட்டி, நிலம் அவங்களது."

வீரையன் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். "ஆத்தங்கரையில மடை தொறக்கணும், வர்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். பட்டுப்புடவையோடும் கிரீடத்தோடும் அம்சம் பின்னால் போனாள். வாசல் பெண்கள் அத்தனை பேரும் கூடவே போனார்கள்.

சாமிதுரை நாற்காலியில் சரிந்தார். போன நிலத்துக்கு யார் மேலாவது பாய்ந்தாக வேண்டும். மருமகள் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்! அந்தக் கிரீடம் உன் தலையில நின்னிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? என்னத்தைப் பின்னி கிழிச்சே? ஒரு அளவெடுக்கத் தெரியலை!"

சௌந்தரநாயகி அடுத்த தம்ளரை எடுத்தாள். அடுப்படியிலிருந்து வெளியே வந்த சமையல்கார ரெங்கம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சின்னம்மா வேலையை மட்டும் குத்தம் சொல்லாதீங்கய்யா. ஒரு நூல் கூடக் கொறையக் கூடாதுன்னு, அம்சத்தைக் கொல்லையில உக்கார வச்சு நாலு தடவை அளவெடுத்தாங்களே!"